சித்தப்பா வீட்டு நீச்சல் குளம்: உதிர்ந்த டைல்ஸும் மாற்றிப் பதித்த விதமும்

2022 ஏப்ரலில் சித்தப்பாவின் பேத்திக்கு உள்ளங்கால் கிழிந்து மூன்று தையல் போட்டார்கள். குளத்துப் படியில் பெயர்ந்து நின்ற ஒரு டைல் விளிம்பு, அவ்வளவுதான். அன்று இரவே சித்தப்பா எனக்குப் போன் செய்து, "நீ வந்து பாரு, இல்லேன்னா மண்ணைக் கொட்டி மூடிடறேன்" என்றார். நான் மதுரையில் கட்டட வேலைகளில் தள மேற்பார்வை பார்ப்பவன். நீச்சல் குளம் என் அன்றாட வேலை இல்லை என்றாலும் டைல்ஸ் என் அன்றாட வேலைதான், அதனால் அந்த வார இறுதியிலேயே காரைக்குடிப் பக்கம் கிளம்பினேன். அங்கே பார்த்ததையும், என்ன தவறு என்று கண்டுபிடித்ததையும், எதை எடுத்துவிட்டு எதைப் பதித்தோம் என்பதையும் முழுசாக எழுதுகிறேன். வீட்டில் குளம் கட்ட நினைப்பவர்கள் டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

குளம் பெரியது இல்லை. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் ஒரு பக்கம் 1.1 மீட்டர், மறுபக்கம் 1.5. ஏறக்குறைய 41,600 லிட்டர் பிடிக்கும். தரையும் சுவரும் சேர்த்து டைல்ஸ் பரப்பு 63 சதுர மீட்டர், அதாவது 680 சதுர அடி. 2019 கடைசியில் கட்டி முடித்தார்கள். சுவருக்கும் தரைக்கும் 300க்கு 450 மில்லிமீட்டர் அளவில் நீலப்பூ அச்சிட்ட பளபளப்பான செராமிக் டைல்ஸ். தண்ணீர் மட்டம் வந்து நிற்கிற விளிம்பில் சுற்றிலும் ஒரு வரிசையும், இறங்கும் படிகளும் ஆத்தங்குடி டைல்ஸ். ஆத்தங்குடி பத்து கிலோமீட்டர் தூரம்கூட இல்லாத ஊர், சித்தப்பாவுக்கு அந்த டைல்ஸ் மேல் இருக்கிற பாசம் எனக்கும் உண்டு. கட்டி முடித்தபோது எடுத்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அவ்வளவு அழகு.

இரண்டரை வருடத்தில் அந்த அழகு என்ன ஆனது என்றால், சுவர் டைல்ஸின் பளபளப்பு முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல். வடக்குச் சுவரில் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போய் சாக்பீஸில் குறித்தேன், ஐந்துக்கு இரண்டு டொக்கு டொக்கென்று பொள்ளல் சத்தம். இணைப்புகளில் வெள்ளை சிமெண்ட் கரைந்து போய் நகக்கண் நுழைகிற அளவுக்குப் பள்ளம், அதன் வழியாக வெள்ளையாக உப்பு பூத்து வழிந்திருந்தது. ஆத்தங்குடி வரிசையின் நிலைமை இன்னும் மோசம். நிறம் வெளுத்து, மேல்தோல் உரிந்து, தொட்டால் உப்புக் காகிதம் மாதிரி சொரசொரப்பு.

முதலில் குளம் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு வாளி போதும். வாளியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பிப் படியில் வைத்து, உள்ளே ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்துக்கு ஒரு கோடு. ஒரு நாள் முழுக்க பம்பை நிறுத்திவிட்டு, யாரையும் இறங்க விடாமல் பார்த்தோம். வாளியில் 6 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, அது வெயிலில் ஆவியானது. குளத்தில் 14 மில்லிமீட்டர். வித்தியாசம் 8 மில்லிமீட்டர், 32 சதுர மீட்டர் பரப்புக்குக் கணக்குப் போட்டால் தினமும் 256 லிட்டர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் டைல்ஸ். மாடியில் மிச்சமிருந்த பெட்டியிலிருந்து ஒரு டைலை எடுத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, சித்தியின் சமையலறைத் தராசில் எடை போட்டோம்: 2 கிலோ. ஒரு நாள் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப எடை போட்டால் 2 கிலோ 270 கிராம். தன் எடையில் 13 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறது! பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதிலேயே அச்சிட்டிருக்கிறது, பி-3 பிரிவு என்று. உறிஞ்சும் அளவை வைத்துத்தான் டைல்ஸைத் தரம் பிரிக்கிறார்கள்: 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சுவது பி-3, அது பாத்ரூம், சமையலறைச் சுவர்களுக்காகச் செய்வது. 0.5 சதவீதமோ அதற்குக் கீழோ உறிஞ்சுவது பி-1ஏ, நாம் விட்ரிஃபைட் என்றும் போர்சலின் என்றும் சொல்வது. இது பன்னாட்டு விதி ஐ.எஸ்.ஓ. 13006-ன் பிரிவு, நம் நாட்டுத் தரவிதி ஐ.எஸ். 15622-உம் உறிஞ்சும் அளவை வைத்துத்தான் பிரிக்கிறது. கடையில் "குளத்துக்கே இதான் சார் போகுது" என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். பெட்டியில் உண்மை எழுதியிருந்தது, யாரும் படிக்கவில்லை.

இந்த மாதிரி டைல் தண்ணீருக்குள் எப்படிக் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் "பசை சரியில்லை" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சுட்ட களிமண் உடம்பு தண்ணீரைக் குடித்துக் குடித்து மிக மெதுவாக ஊதும், காய்ந்தாலும் அந்த ஊதல் முழுக்கத் திரும்பாது. மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சு ஊதாது. உடம்பு பெரிதாகிறது, தோல் பெரிதாகவில்லை, தோல் விரிசல் விடுகிறது. அந்த விரிசல் வழியாக இன்னும் தண்ணீர், குளோரின், அழுக்கு. முதுகுப் பக்கமும் ஊதல் பசையை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் விட்டுவிடும்.

ஆத்தங்குடி விஷயம் வேறு. அது சூளையில் சுடுவது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிற கைவேலை. கண்ணாடி மேல் வார்த்ததால் வருகிற மினுமினுப்பு அது. வீட்டுக்குள் பத்தியிலும் கூடத்திலும் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறும். ஆனால் அடிப்படையில் அது சிமெண்ட், அமிலம் பட்டால் கரையும். மாதம் ஒரு முறை குளம் சுத்தம் செய்ய வந்த ஆள் விளிம்புக் கறைக்கு ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார். சித்தி அதைச் சொன்னபோது எனக்கு மனசே கேட்கவில்லை.

தண்ணீரைப் பரிசோதித்ததும்தான் மீதிக் கதை புரிந்தது. பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) 6.6, காரத்தன்மை (பி.எச். சரியாமல் தாங்கிப் பிடிப்பது) 30 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 30 மில்லிகிராம், கால்சியம் கடினத்தன்மை 60 பி.பி.எம். இருக்க வேண்டியது: பி.எச். 7.2 முதல் 7.8, காரத்தன்மை 80 முதல் 120, கால்சியம் 200 முதல் 400. போர் தண்ணீர் பட்டாலே வெள்ளைத் தடம் விழுகிற இந்த ஊரில் கால்சியம் 60 எப்படி? சித்தப்பா பெருமையாகச் சொன்னார், குளத்தை நிரப்பியது முழுக்க மழைத்தண்ணீர் என்று. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றத்துக் கூரையிலிருந்து விழுகிற மழையை அண்டாவில் பிடிப்பது தலைமுறைப் பழக்கம், இவரும் மாடியிலிருந்து குழாய் இறக்கித் தரைத்தொட்டியில் சேர்த்து, அதைக் குளத்துக்கு விட்டிருக்கிறார். குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. சிமெண்டுக்கு அது பசித்த தண்ணீர். தன்னிடம் கால்சியம் இல்லாததால் எங்கே கால்சியம் இருக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், குளத்தில் அது இணைப்புச் சிமெண்டிலும் ஆத்தங்குடி டைல்ஸிலும்தான் இருந்தது. போதாக்குறைக்குக் குளோரினுக்காக டி.சி.சி.ஏ. மாத்திரை போட்டு வந்திருக்கிறார்கள், அது பி.எச்.சைக் கீழே இழுக்கிற வகை. காரத்தன்மை இல்லாத மழைத்தண்ணீரில் அந்த இழுப்பைத் தடுக்க எதுவுமே இல்லை.

ஆக, தவறான டைல், கரைகிற இணைப்பு, பசித்த தண்ணீர், அதன்மேல் ஆசிட். இதில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் குளம் இன்னும் சில வருடம் தாங்கியிருக்கும்.

எதை எடுத்தோம், ஏன்

குளத்தை எப்போது காலி செய்வது என்பதிலேயே கவனம் வேண்டும். நிலத்தடி நீர் ஏறியிருக்கிற மழைக்காலத்தில் காலிக் குளத்தைக் கீழிருந்து தண்ணீர் தள்ளும், தரை வெடிக்கும், சில நேரம் குளமே மேலே கிளம்பும். அதனால் ஐப்பசி மழைக்கு முன் திரும்ப நிரப்பிவிடுவது என்று நாள் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, மே மாதம் இறைத்தோம். ஆடியில் புது வேலை தொடங்கக் கூடாது என்று சித்தி சொல்லிவிட்டதால், டைல்ஸ் பதிப்பதை ஆனிக் கடைசியிலேயே தொடங்கிவிட வேண்டும் என்ற கெடுவும் சேர்ந்துகொண்டது.

டைல்ஸைக் கொத்தி எடுத்தபோது பூச்சும் கூடவே வந்தது. தண்ணீர் உள்ளே வரும் குழாய்களைச் சுற்றி வெறும் சிமெண்ட் கலவையை அடைத்திருந்தார்கள், ஒழுகியது அங்கேதான். சுருங்காத கலவையால் அடைத்து, புதுப் பூச்சு போட்டுக் காயவைத்து, பாலிமர் கலந்த சிமெண்ட் நீர்த்தடுப்பை இரண்டு பூச்சாக, முதல் பூச்சு நெடுக்கு என்றால் இரண்டாவது குறுக்காக அடித்தோம். அது காய்ந்ததும் டைல்ஸ் இல்லாமலே குளத்தை நிரப்பி ஏழு நாள் வாளிச் சோதனை. குளமும் வாளியும் ஒன்றாகவே இறங்கின. இதைச் செய்யாமல் டைல்ஸ் பதிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், தண்ணீரைத் தடுப்பது டைல் இல்லை, அதன் பின்னால் இருக்கிற இந்தப் பூச்சுதான்.

டைல்ஸுக்கு மூன்று யோசனை இருந்தது. பெரிய விட்ரிஃபைட் பலகைகளைப் பதிப்பது முதல் யோசனை. உறிஞ்சாது, இணைப்பு குறைவு, ஆனால் படியின் வளைவுகளுக்கு வெட்டி வெட்டிச் சேர்க்க வேண்டும், வெட்டின விளிம்பு காலைக் கிழிக்கும், நாங்கள் எதற்காக இந்த வேலையையே எடுத்தோமோ அதுவே திரும்ப வரும். முழுக்கக் கண்ணாடி மொசைக் இரண்டாவது. கண்ணாடி தண்ணீரே உறிஞ்சாது, வெயிலில் தண்ணீருக்குள் அது தருகிற ஒளியை வேறு எதுவும் தராது, ஆனால் செலவு அதிகம், பதிக்கத் தெரிந்த கை வேண்டும். கடைசியில் தரைக்கும் சுவருக்கும் 48 மில்லிமீட்டர் சதுர போர்சலின் மொசைக், தண்ணீர் மட்ட விளிம்புக்கு மட்டும் 20 மில்லிமீட்டர் கண்ணாடி மொசைக் என்று முடிவு செய்தோம். குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த போர்சலின் மாதிரியில் 20 துண்டுகளைப் பிய்த்து அதே தராசில் வைத்தேன்: காய்ந்து 650 கிராம், ஒரு நாள் ஊறி 652. ஆய்வுக்கூடத்தில் இதை வெற்றிடத்திலோ கொதிநீரிலோ செய்வார்கள், வீட்டுச் சோதனை அளவைக் குறைத்துத்தான் காட்டும், ஆனாலும் 270 கிராமுக்கும் 2 கிராமுக்கும் உள்ள தூரம் எந்தத் தராசிலும் தெரியும்.

படிக்கும் ஆழமில்லாத பக்கத்துத் தரைக்கும் வழுக்காத மேற்பரப்பு கேட்டோம். ஈரத்தில் வெறுங்காலோடு நடப்பதற்கென்றே ஜெர்மானிய விதி டி.ஐ.என். 51097 வகுத்த சோதனை ஒன்று இருக்கிறது. சோப்புத் தண்ணீர் ஓடுகிற சரிவில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சரிவு வரை வழுக்காமல் நிற்கிறார் என்று பார்ப்பார்கள், 12 டிகிரி ஏ, 18 பி, 24 சி. படிக்கு பி-க்குக் குறையக் கூடாது என்று வாங்கினோம். நிறத்தில் சித்தப்பாவுக்குக் கறுப்பு மேல் ஆசை. கறுத்த தரையில் குழந்தை மூழ்கிக் கிடந்தால் மேலேயிருந்து தெரியாது என்று சொன்னேன், அதோடு அந்தப் பேச்சு நின்றது. தரை வெளிர் நீலம், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மட்டும் ஒரு வரி அடர் நீலம்.

கண்ணாடி மொசைக் வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சிலவற்றில் கண்ணாடி உடம்பு முழுக்க நிறம் இருக்கும், சிலவற்றில் நிறமில்லாத கண்ணாடியின் முதுகில் பெயிண்ட் அடித்திருப்பார்கள். முன்னால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், சொல்லப்போனால் பெயிண்ட் அடித்தது இன்னும் ஜொலிக்கும். சித்தி தங்க நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அதன் முதுகைப் பிளேடால் சுரண்டினேன், தோலாக உரிந்து வந்தது. பசை பிடிக்கப் போவது அந்தப் பெயிண்டைத்தான், கண்ணாடியை இல்லை. அதை விட்டுவிட்டு உடம்பு நிறமான நீலம், வெள்ளை, காவி, பச்சை நான்கை எடுத்தோம்.

இதைவிட முக்கியமானது, மொசைக் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி அனுப்புகிற ஷீட்டின் முதுகு. முதலில் வந்த சரக்கில் துண்டுகளைப் பின்பக்கம் வலையில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ஒரு ஷீட்டைப் பக்கெட்டில் ஒரு இரவு போட்டு வைத்தால் காலையில் பாதித் துண்டுகள் அடியில் கிடந்தன, வலையை ஒட்டிய பசை தண்ணீரில் கரைகிற பசை. குளத்தில் அந்தப் பசை டைலுக்கும் நம் சிமெண்ட் பசைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும், ஊறி விட்டுவிடும். மொத்தச் சரக்கையும் திருப்பிவிட்டு, முன்பக்கம் காகிதம் ஒட்டிய ஷீட்டாக வரவழைத்தோம். அதில் முதுகு முழுக்கத் திறந்திருக்கும். பதித்து, கட்டையால் மெதுவாகத் தட்டி, பசை கொஞ்சம் இழுத்ததும் காகிதத்தை நனைத்து உரித்து எடுக்க வேண்டும். பத்து நாள் தாமதம், சித்தப்பாவுக்குக் கோபம், ஆனால் இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆத்தங்குடிப் பூவை விட மனசில்லாமல், அதன் ஒரு வடிவத்தை வரைபடத்தாளில் 14க்கு 14 கட்டமாக மாற்றினோம். துண்டு 20, இணைப்பு 2, ஆக 22 மில்லிமீட்டர்; 14 வரிசைக்கு 308 மில்லிமீட்டர், விளிம்புப் பட்டைக்கு நினைத்திருந்த ஒரு அடி. நீளப்பக்கத்தில் 26 பூ, அகலத்தில் 13 பூ, வெட்டே இல்லாமல் உட்கார்ந்தது. சுற்றிலும் சேர்த்து இரண்டு செண்டிமீட்டர் போல இடித்ததை, மூன்று ஷீட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நெருக்கிச் சரிசெய்தோம். 78 பூக்கள். சித்தப்பா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

பதித்த விதம்

மேஸ்திரி அண்ணன் முப்பது வருடமாக டைலின் முதுகில் சிமெண்ட் பால் தடவி ஒட்டிப் பழகியவர். "தம்பி, உறிஞ்சாத டைலு சிமெண்டைப் பிடிக்காதே" என்று அவரே சொன்னார், அதுதான் உண்மை. பழைய முறை டைல் பாலை உறிஞ்சுவதை நம்பியது. போர்சலினுக்கும் கண்ணாடிக்கும் பாலிமர் கலந்த பசைதான், அதுவும் தண்ணீருக்குள் நிற்கும் என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்கிற வகை, பையில் சி2டி.இ. எஸ்1 (பிடிப்பு அதிகமான, கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கிற பசைக்கான குறியீடு) என்று போட்டிருந்ததை வாங்கினோம். கண்ணாடிக்குப் பின்னால் சாம்பல் நிறம் தெரியுமென்பதால் அங்கே வெள்ளைப் பசை. சதுர மீட்டருக்கு 5 கிலோ வீதம் 16 பை ஆனது. போர்சலின் முதுகில் சூளைப்பொடி வெள்ளையாக ஒட்டியிருக்கும், அதை ஈரத்துணியால் துடைக்காமல் ஒட்டினால் பொடியில்தான் ஒட்டும். முதல் நாள் ஒரு பலகையில் பதித்துப் பார்த்து, உடனே பிய்த்து முதுகில் பசை எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்தோம். ஈர இடத்தில் 95 சதவீதமாவது பரவியிருக்க வேண்டும். முதல் ஷீட்டில் முக்கால்தான், மூன்றாவதில் சரியாக வந்தது.

கீற்றுப் பந்தல் போட்டு, விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்தினோம். வெயிலில் பசை பரப்பினால் மேலே ஆடை கட்டிவிடும், டைல் அந்த ஆடையில் உட்காரும், உள்ளே பிடிக்காது.

இணைப்பு நிரப்புவதில் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். ஒரு கணக்கு சொல்கிறேன். பழைய பெரிய டைல்ஸில் இணைப்பின் பரப்பு 2 சதவீதம்கூட இல்லை. 48 மில்லிமீட்டர் மொசைக்கில் 3 மில்லிமீட்டர் இணைப்பு விட்டால் பரப்பில் 11 சதவீதம் இணைப்புதான். 20 மில்லிமீட்டர் கண்ணாடியில் 17 சதவீதம். மொத்தத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு பரப்பை எதனால் நிரப்புகிறோம் என்பது டைல் தேர்வைப் போலவே பெரிய தேர்வு. சிமெண்டுக்குப் பதிலாக எபாக்ஸி என்கிற பிசின் வகை போட்டோம், பல மடங்கு விலை, ஆனால் பசித்த தண்ணீர் அதைத் தின்னாது. வெப்பத்தில் சீக்கிரம் இறுகிவிடுவதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒருவர் நிரப்ப ஒருவர் உடனே பின்னால் துடைத்துக்கொண்டே வர வேண்டும், காய்ந்த மங்கலை அப்புறம் எடுப்பது பெரும்பாடு.

மூலைகளில் எபாக்ஸியும் கிடையாது. சுவர் தரையைச் சந்திக்கும் இடம், நான்கு மூலை, குழாய் வாய்கள், 8 மீட்டர் நீளத்தின் நடுவில் ஒரு கோடு, இங்கெல்லாம் குளத்துக்கான நெகிழும் சீலன்ட். குளம் நிறையும்போதும் வெயிலிலும் கான்கிரீட் அசைகிறது, அந்த அசைவுக்கு இடம் விடாவிட்டால் டைல் இடம் கொடுக்கும். முடித்து 21 நாள் சும்மா விட்டு, நாளுக்கு 75 செண்டிமீட்டருக்கு மேல் ஏறாமல் மெதுவாக நிரப்பினோம். இந்த முறை மழைத்தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து, கால்சியம் 260 வரும்படி.

மூன்று கோடைக்குப் பிறகு

2025 மே மாதம் திரும்பப் போய் முழுக் குளத்தையும் தட்டிப் பார்த்தேன். பொள்ளல் ஒரு இடத்திலும் இல்லை. ஆழப் பக்கத்து மூலையில் சீலன்ட் இரண்டு அடி நீளத்துக்குப் பிரிந்திருந்தது, அதை எடுத்துவிட்டு மாற்றினோம், சீலன்ட் என்றால் அவ்வப்போது மாற்ற வேண்டியதுதான்.

நான் முன்னாலேயே யோசிக்கத் தவறியது ஒன்று உண்டு. 78 பூக்களின் அடர் நீலத்தில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கோடு படிந்திருந்தது. கணக்குப் பார்த்தால் காரணம் நேரானது: கோடையில் நாளைக்கு 6 மில்லிமீட்டர், அதாவது 192 லிட்டர் ஆவியாகிறது, அதை 600 பி.பி.எம். கடினமான போர் தண்ணீரால் நிரப்புகிறார்கள். தண்ணீர் போகிறது, கால்சியம் தங்குகிறது. நாளுக்கு 115 கிராம், நூறு நாளில் குளத்தின் கடினத்தன்மை ஏற்கெனவே இருப்பதோடு இன்னும் 270 பி.பி.எம்.முக்கு மேல் கூடிவிடும். வெளிர் நிறப் பட்டையாக இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. உப்பான போர் தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள் விளிம்புக்கு அடர் நிறம் எடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

ஆசிட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மென்மையான தேய்ப்பானால் சித்தப்பாவும் நானும் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தோம். அப்புறம் தரைத்தொட்டியில் இருக்கிற மழைத்தண்ணீருக்கு ஒரு புதுக் குழாய் இழுத்தோம். குளத்தை நிரப்ப அது ஆகாது, ஆவியாகிப் போனதை ஈடுகட்ட அதுதான் சரியான தண்ணீர். வாரம் ஒரு முறை பி.எச்.சும் காரத்தன்மையும் பார்த்து, குறைந்தால் சமையல் சோடா போட்டுச் சரிசெய்கிறார். அப்போது பதிக்காமல் மிச்சமிருந்த புது ஆத்தங்குடிப் பெட்டிகள் இரண்டைக் குளத்துக்குப் போகிற வராந்தாவில் பதித்திருக்கிறார்கள், பேத்தி ஈரக்காலோடு ஓடி வந்தால் "துடைச்சிட்டு வா, அது வீட்டு டைலு" என்று சித்தி அதட்டுகிறார்.